திசு வாழை ஊசி போட்ட வாழையா? ‘முழுஆக்குத்திறன்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள

தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் போகிற வழியில் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் வாழைத் தோட்டம். ஒருநாள் மினி லாரியில் ஜி-9 என்ற ரகத்தின் திசு வாழைக் கன்றுகள் வந்து இறங்கின. கறுப்பு பிளாஸ்டிக் பை, முழ உயரம், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இலை. இலைகளில் அங்கங்கே கருஞ்சிவப்புத் திட்டுகள். மாமா ஒரு இலையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார்.

“பாத்தியா மாப்ளே, ரத்தக்கறை மாதிரி. ஊசி போட்ட வாழைன்னு சும்மாவா சொல்றாய்ங்க?”

லாரி டிரைவர் குமுளி சிப்ஸ் கடைகளுக்கு நேந்திரங்காய் ஓட்டுகிறவர். “இது ஜீன் மாத்துனதுண்ணே” என்றார் உறுதியாக. மடையில் நின்ற பக்கத்துத் தோட்டக்காரர், “இல்லப்பா, குளோனிங். ஆட்டுக்குட்டி செஞ்சாங்கள்ல, அது” என்றார். கூலிக்கு வந்திருந்த கல்லூரிப் பையன் தன் பங்குக்கு ஸ்டெம் செல்லை இழுத்துவிட்டான்.

ஐந்து நிமிடத்தில் மூன்று பெரிய சொற்கள். மூன்றும் ஒன்றோடொன்று கலந்து சாம்பாராகிவிட்டன. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் டியூஷன் எடுக்கிறவன். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரு சொல் தெரிந்தால் போதும். பாடப்புத்தகத்தில் அது இருக்கிறது, பிள்ளைகள் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தச் சொல் முழுஆக்குத்திறன். ஆங்கிலப் பெயர் டோட்டிபொட்டன்சி. ஒரு தனி செல், வேர் முதல் பூ வரை முழு உயிரையும் தன்னிலிருந்தே உண்டாக்கும் திறன் என்பது பொருள். செல் என்பது உயிரின் மிகச் சிறிய கூறு. நம் உடம்பும் வாழையும் அந்தச் செல்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து ஆனவை.

பல்லி வாலும் முருங்கைக் கொம்பும்

பல்லியின் வால் அறுந்து விழுந்தால் கொஞ்ச நேரம் துடிக்கும். பல்லி ஓடிப்போய்ப் புது வால் வளர்த்துக்கொள்ளும். ஆனால் விழுந்த வாலிலிருந்து ஒரு பல்லி முளைத்து யாரும் பார்த்ததில்லை.

முருங்கையில் கதை வேறு. ஆடி மாசத்துக் காற்றில் ஒரு கிளை முறிந்து விழுகிறது. அதை நறுக்கி வேலியோரம் ஊன்றி, நுனியில் சாணி உருண்டை வைத்தால் ஒரு மாசத்தில் துளிர்க்கிறது. துளிர் விட்டதில் பெரிய அதிசயமில்லை, கிளையில் ஏற்கெனவே மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் நடந்ததுதான் அதிசயம். அந்தக் கிளை தன் வாழ்நாளில் வேராக இருந்ததே இல்லை. வெட்டுப்பட்ட இடத்தில் தண்டாக இருந்த செல்கள் சில, தங்கள் வேலையை விட்டுவிட்டு வேர் செய்யத் தொடங்கிவிட்டன. வேர் செய்வது எப்படி என்று அவற்றுக்கு யார் சொன்னது?

ரணகள்ளி இலை தெரியுமா? சின்ன வயதில் புத்தகத்துக்குள் வைத்து, குட்டி போட்டதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்திருப்போம். ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. ஒற்றை இலையின் விளிம்பிலிருந்து வேரும் தண்டும் இலையுமாக முழுச் செடிகள். செடிகளின் இந்தக் குணத்தை அதன் கடைசி எல்லை வரை, அதாவது ஒரே ஒரு செல் வரை, இழுத்துப் பார்த்தால் கிடைப்பதுதான் முழுஆக்குத்திறன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உடைந்த உறுப்பைத் திரும்ப வளர்ப்பது ஒன்று, உடைந்த துண்டே முழு உயிராவது வேறொன்று. நாம் பேசுவது இரண்டாவதை.

ஷட்டர்கள் எல்லாம் இருக்கின்றன, திறந்திருப்பவை சில

எங்கள் ஊரில் முல்லைப் பெரியாறு தண்ணீரை வைத்துச் சொன்னால் யாருக்கும் புரியும். 1895 முதல் அந்த அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கி, பிறகு பள்ளத்தாக்குக்குப் பாய்கிறது. வாய்க்காலில் வரிசையாக ஷட்டர்கள். எந்த ஷட்டர் திறக்கிறதோ அந்த வயல் நனையும். மூடிய ஷட்டருக்குப் பின்னால் வாய்க்காலே இல்லை என்று யாரும் நினைப்பதில்லை. வாய்க்கால் இருக்கிறது, திறக்கவில்லை, அவ்வளவுதான்.

செல்லுக்குள்ளும் இதுதான் நிலை. ஒரு உயிரை எப்படிக் கட்டுவது என்ற குறிப்புகள் டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் எழுதப்பட்டிருக்கின்றன. அதில் ஒவ்வொரு வேலைக்குமான பகுதிதான் மரபணு, நாம் ஜீன் என்று சொல்வது. மனிதனுக்கு ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். 2012-ல் வெளிவந்த வாழையின் மரபணுத் தொகுதி ஆய்வு, வாழைக்கு 36,000-க்கும் மேல் என்றது. (நம்மைவிட வாழைக்கு ஜீன் அதிகம் என்று சொன்னபோது மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.)

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, மொத்தக் குறிப்பும் நகலெடுக்கப்பட்டு இரண்டுக்கும் போகிறது. ஆகையால் வாழையின் இலைச் செல்லிலும் பூவுக்கான குறிப்பு உண்டு, வேர்ச் செல்லிலும் பழத்தோலுக்கான குறிப்பு உண்டு. பிறகு எப்படி இலை இலையாகவும் வேர் வேராகவும் இருக்கின்றன? ஒவ்வொரு செல்லும் தனக்குத் தேவையான ஷட்டர்களை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, மற்றவற்றை மூடிவிடுகிறது. இப்படி ஒரு வேலைக்கென்று ஒதுங்கிக்கொள்வதற்கு வேறுபாடடைதல் என்று பெயர்.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இலையான செல், மற்ற குறிப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எறியவில்லை, பூட்டி வைத்திருக்கிறது. முழுஆக்குத்திறன் என்றால் பூட்டிய ஷட்டர்களை மறுபடி திறக்க முடிகிறது என்று அர்த்தம்.

எல்லா செல்லாலும் முடியுமா? முடியாது. மரத்தில் தண்ணீரை மேலேற்றும் குழாய்ச் செல்கள் செத்துப் போனவை, உள்ளே ஒன்றும் கிடையாது. நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள் முதிரும்போது டி.என்.ஏ. இருக்கும் உட்கருவையே வெளியேற்றிவிடுகின்றன. வாய்க்காலே இல்லாத இடத்தில் ஷட்டரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இளநீரில் வளர்ந்த கேரட்

இதை முதலில் துணிந்து சொன்னவர் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட். 1902-ல், தனிச் செல்லை ஊட்டக் கரைசலில் வைத்து வளர்க்க முடிய வேண்டும் என்று எழுதினார், முயன்றும் பார்த்தார். அவருடைய செல்கள் உயிரோடு இருந்தன, கொஞ்சம் பெருத்தன, ஆனால் ஒன்றுகூடப் பிரியவில்லை. சாப்பாடு போட்டார், வேலையைத் தொடங்கச் சொல்லும் சமிக்ஞை அப்போது யாருக்கும் தெரியாது.

சமிக்ஞை இளநீருக்குள் இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தேங்காய்க்குள் இருக்கும் தண்ணீர், நாம் குடிக்க வைத்ததல்ல, உள்ளே வளரப்போகும் தென்னங்கருவுக்கான உணவு. செல்லைப் பிரியத் தூண்டும் பொருட்கள் அதில் நிறைய உண்டு. 1958-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் என்பவரும் அவருடைய குழுவும் கேரட் கிழங்கிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, இளநீர் சேர்த்த ஊட்டக் கரைசலில் போட்டுச் சுழலவிட்டார்கள். உதிர்ந்து பிரிந்த செல்கள் பெருகிக் கட்டிகளாயின. கட்டிகளிலிருந்து விதைக்குள் இருப்பதைப் போன்ற கருக்கள் தோன்றின. அவற்றிலிருந்து முழுக் கேரட் செடிகள் வந்தன. கிழங்காகச் சாம்பாருக்குப் போயிருக்க வேண்டிய செல்கள் பூத்துக் காய்க்கும் செடிகளாயின.

அது உண்மையில் ஒற்றைச் செல்லிலிருந்துதான் வந்ததா, பல செல்கள் சேர்ந்து செய்த வேலையா என்ற சந்தேகம் இருந்தது. 1965-ல் இந்தியாவிலிருந்து அமெரிக்கா போய் ஆய்வு செய்த விமலா வாசில், ஹில்டிபிராண்ட் என்பவரோடு சேர்ந்து, ஒரே ஒரு புகையிலைச் செல்லைத் தனியே பிரித்து வைத்து, அதிலிருந்து பூக்கும் செடியையே வளர்த்துக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தை இனம் ஒன்றின் மகரந்தத்திலிருந்து செடி வரவழைத்திருந்தார்கள். ரோட்டோரம் நாம் ஒதுக்கிவிட்டுப் போகிற அதே ஊமத்தைக் குடும்பம்தான்.

இளநீருக்குள் இருந்த அந்தச் சமிக்ஞையைப் பற்றி இன்னும் கொஞ்சம். செடிகளில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் உண்டு, சைட்டோகைனின் என்று இன்னொன்றும் உண்டு. இரண்டும் ஹார்மோன்கள், அதாவது மிகச் சிறிய அளவில் இருந்தே செல்களுக்கு ஆணையிடும் பொருட்கள். 1957-ல் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் புகையிலையில் கண்டது வேடிக்கையானது. ஆக்சின் தூக்கலாக இருந்தால் வேர் வருகிறது. சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் குருத்து வருகிறது. இரண்டும் ஏறத்தாழ சமமாக இருந்தால் வேரும் இல்லை, குருத்தும் இல்லை, எந்த வேலைக்கும் ஒதுங்காத செல்கள் குவிந்து ஒரு வெளிறிய கட்டி உண்டாகிறது. அந்தக் கட்டிக்குக் கேலஸ் என்று பெயர். ரசத்தில் புளிக்கும் உப்புக்கும் உள்ள கணக்கு மாதிரிதான், அளவு மாறினால் பண்டமே வேறு.

சுருக்கம்: குறிப்பு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து கொடுப்பது உணவும், எந்த ஷட்டரைத் திற என்ற ஹார்மோன் சமிக்ஞையும் மட்டுமே.

மாமாவின் பைக்குள் வந்தது எப்படி

வாழையில் நாம் மரம் என்று கட்டிப்பிடிப்பது இலைக் காம்புகளின் உறை மடிப்புகள். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அதன் உச்சியில், உறைகளுக்கு நடுவே பத்திரமாக, சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வளர்நுனி உண்டு. அங்குள்ள செல்கள் இன்னும் எந்த வேலைக்கும் ஒதுங்காமல், பிரிந்துகொண்டே இருப்பவை. இப்படிப்பட்ட செல் தொகுப்புக்கு ஆக்குத்திசு என்று பெயர். திசு என்றால் ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் செல் கூட்டம்.

ஆய்வகத்தில், நல்ல தார் போட்ட நோயில்லாத தாய்மரத்தின் ஈட்டிக் கன்றை எடுக்கிறார்கள். உரித்து உரித்து வளர்நுனிக்கு வருகிறார்கள். கிருமி நீக்கி, கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வெளிறிய ஜெல்லியின் மேல் உட்காரவைக்கிறார்கள். நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சிப் பால் ஊற்றித் துண்டு போட்டுக் கொடுப்பார்களே, ஜெல்லிக்கு அதே அகர்தான். அதில் சர்க்கரை, உப்புச் சத்துகள், வைட்டமின், தூக்கலாக சைட்டோகைனின். சில வாரங்களில் ஒரு குருத்தின் அடியில் பல குருத்துகள். பிரித்து வேறு பாட்டிலுக்கு மாற்றுகிறார்கள், அவையும் பெருகுகின்றன. போதுமான அளவு வந்ததும், வேர் விடும் கலவைக்கு மாற்றுகிறார்கள்.

பாட்டிலிலிருந்து நேரே வயலுக்குப் போனால் அன்று மதியமே செத்துவிடும். ஈரம் நிறைந்த கண்ணாடிக்குள் வளர்ந்ததால் இலையில் மெழுகுப் பூச்சு சரியாக இராது, நீராவித் துளைகளை மூடத் தெரியாது. பசுமைக்குடிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குகிறார்கள். நர்சரிக்காரர்கள் இதை ஹார்டனிங் என்பார்கள். அங்கிருந்து வந்தவைதான் மாமாவின் கறுப்புப் பைகள். இந்த வேலை முழுவதற்கும் பெயர் திசு வளர்ப்பு.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வாழைக் கன்று உற்பத்தியில் முழுஆக்குத்திறனை அதன் முழு வீச்சில் பயன்படுத்துவதில்லை. கேரட்டைப்போல் வேலைக்கு ஒதுங்கிய செல்லைப் பின்னோக்கி இழுத்துக் கேலஸாக்கி வளர்ப்பது வழக்கமில்லை, ஏற்கெனவே ஒதுங்காமல் இருக்கும் வளர்நுனியைத்தான் பெருக்குகிறார்கள். கேலஸ் வழியாகப் போனால் நகலெடுப்பில் பிழைகள் அதிகம் வரும், குட்டையும் கோணலுமான கன்றுகள் கிடைக்கும். வளர்நுனியிலும் வரம்பில்லாமல் பெருக்கினால் அந்தக் கோளாறு வரலாம், அதனால்தான் எத்தனை சுற்று பெருக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

அப்போ டிரைவர் சொன்னது?

மரபணு மாற்றம் என்றால், டி.என்.ஏ.வில் உள்ள குறிப்பையே ஆய்வகத்தில் மாற்றுவது, பெரும்பாலும் வேறோர் உயிரின் மரபணுவைச் செருகுவது. திசு வளர்ப்பில் குறிப்பை யாரும் தொடுவதில்லை. இந்தியாவில் விவசாயிகள் வணிகமாக நட்டு அறுக்க அனுமதி பெற்றுப் பரவிய மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்தி, 2002-ல் வந்தது. வாழை அந்தக் கணக்கில் இல்லை.

குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. மரபணு மாற்றுச் செடி செய்கிறவர்களும், மாற்றிய செல்லை முழுச் செடியாக வளர்க்கத் திசு வளர்ப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். அரிவாள் ஒன்றுதான், கதிரும் அறுக்கலாம், வேலியும் வெட்டலாம்.

குளோன் என்றாரே பக்கத்துத் தோட்டக்காரர், அது சரி. குளோன் என்றால் தாயின் அதே மரபணுக் குறிப்போடு, விதையில்லாமல் பிறந்த நகல். ஆனால் அவர் காலங்காலமாக வைக்கிற நாட்டுக் கன்றும் குளோன்தான். பக்கக்கன்றை வெட்டி நடுகிற நாள் முதல் வாழை குளோனாகவே வந்துகொண்டிருக்கிறது. மலைமேல் வண்டன்மேட்டில் ஏலக்காய்ச் செடியின் தூரைப் பிரித்து நடுவதும் அப்படித்தான். ‘திசு வாழை என்பதால் விதையில்லை’ என்பதும் தவறு. காட்டு வாழையில் மிளகைவிடப் பெரிய கறுப்பு விதைகள் இருக்கும். நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு 11 குரோமோசோம் கொண்ட தொகுப்புகள் இரண்டுக்குப் பதில் மூன்று, ஆகமொத்தம் 33. குரோமோசோம் என்பது டி.என்.ஏ. சுருட்டி வைக்கப்பட்ட கட்டு. மூன்றை இரண்டு பக்கமாகச் சமமாகப் பங்கு போட முடியாததால் விதை உருவாவதில்லை. ஆய்வகம் என்ற ஒன்று உலகில் தோன்றும் முன்பே நடந்து முடிந்த கதை இது.

ருசி இல்லை என்ற புகாரில் பாதி நியாயம் உண்டு. ஜி-9, கேவண்டிஷ் ரகம், அதன் ருசி அவ்வளவுதான். அதைப் பாட்டிலில் வளர்த்ததால் ருசி போகவில்லை. செவ்வாழையும் நேந்திரனும்கூடத் திசுக் கன்றாகக் கிடைக்கின்றன, நட்டால் செவ்வாழை செவ்வாழையாகத்தான் இனிக்கும்.

விவசாயி கவனிக்க வேண்டியது வேறொன்று. திசுக் கன்று நோயில்லாமல் வருகிறது, ஆனால் நோயை எதிர்க்கும் கன்று அல்ல. மண்ணில் அந்த ரகத்தைத் தாக்கக்கூடிய வாடல் நோய்ப் பூஞ்சை இருந்தால் இதையும் விடாது. எல்லாம் ஒரே அச்சு என்பதால், ஒன்றைத் தாக்குவது எல்லாவற்றையும் தாக்கும். உலகச் சந்தையை ஆண்ட கிராஸ் மிஷல் என்ற ரகம் இந்த நோயில்தான் 1950-களில் வரிசையாக மண்டியிட்டது, அதன் இடத்துக்குத்தான் கேவண்டிஷ் வந்தது.

சுருக்கம்: திசு வாழை குளோன், நாட்டுக் கன்றைப் போலவே. மரபணு மாற்றியது அல்ல. நோயெதிர்ப்பு ஏறியதும் அல்ல.

மனிதரில் எங்கே நிற்கிறது

கல்லூரிப் பையன் சொன்ன ஸ்டெம் செல்லுக்கு வருவோம். தானும் பெருகிக்கொண்டு, வேறு வேலைக்கான செல்களையும் உண்டாக்கித் தரக்கூடிய செல் அது. வாழையின் வளர்நுனிக்கு நம் உடம்பில் ஒரு தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் திறனில் படிநிலைகள் உண்டு. மனிதரில் முழுஆக்குத்திறன் இருப்பது கருவுற்ற முட்டைக்கும், அது பிரியத் தொடங்கிய முதல் சில செல்களுக்கும்தான். ஒரே சாயலில் இரட்டையர் பிறப்பது, ஆரம்பக் கரு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் முழு ஆளாவதால். சில நாள் தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடுகிறது. வளர்ந்த உடம்பின் ஸ்டெம் செல்களுக்கு எல்லை குறுகியது. எலும்பு மஜ்ஜையில் இருப்பவை ரத்த செல்களைத் தரும், மூளையைத் தராது.

டாலி என்ற அந்தக் குளோன் ஆட்டுக்குட்டி? 1996-ல் பிறந்தது. வளர்ந்த ஆட்டின் மடிச் செல்லிலிருந்த உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்தார்கள். 277 முயற்சிகளில் உயிரோடு பிறந்தது அந்த ஒரு குட்டி. மடிச் செல்லிலும் முழு ஆட்டுக்கான குறிப்பு இருக்கிறது என்பதை அது காட்டியது. ஆனால் மடிச் செல் தானாக ஆடாகவில்லை, பூட்டைத் திறக்க முட்டையின் உதவி தேவைப்பட்டது. 2006-ல் ஜப்பானின் யமனாகா, எலியின் தோல் செல்களில் நான்கு மரபணுக்களை வேலை செய்யவைத்து, அவற்றைக் கருவின் செல்களைப் போலப் பின்னோக்கித் திருப்பினார். அவற்றாலும் உடம்பின் எல்லா வகைச் செல்களையும் உண்டாக்க முடியுமே தவிர, தனியே ஒரு முழு உயிராக வளர முடியாது. செடியின் ஷட்டருக்கு எண்ணெய் போட்டால் போதும், விலங்கின் ஷட்டர் வெல்டிங் வைத்ததுபோல.

பிரசவ வார்டில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லித் துண்டுச்சீட்டு கொடுக்கும்போது இந்த வேறுபாடு ஞாபகமிருந்தால் நல்லது. அதில் இருப்பவை முக்கியமாக ரத்தம் தரும் ஸ்டெம் செல்கள். சில ரத்த நோய்களில் அவற்றுக்கு நிஜமான பயன் உண்டு. எதிர்காலத்தில் எந்த உறுப்பு வேண்டுமானாலும் முளைக்க வைக்கலாம் என்று பேசினால், முழுஆக்குத்திறனுக்கு உரிய பெருமையை அதற்கு இல்லாத செல்லுக்குச் சூட்டுகிறார்கள் என்று பொருள்.

மாமாவின் கேள்வி

இவ்வளவையும் வரப்பில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது லாரி போய்விட்டிருந்தது. ரத்தக்கறை விஷயத்தையும் தீர்த்து வைத்தேன். திசுக் கன்றின் இளம் இலைகளில் வரும் சாதாரண நிறத்திட்டு அது, வளர வளர வரும் புது இலைகளில் மறைந்துவிடும்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் விவசாயி கேட்கிற கேள்வியைக் கேட்டார். “எல்லாம் ஒரே அச்சுங்கிறே. அப்போ இந்த மரம் தார் போட்டதும் பக்கக்கன்றை வெட்டி அடுத்த வருசம் நட்டுக்கிடுறேன். திரும்ப எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்?”

நடலாம் மாமா, அதே ஜி-9 தான் வரும், குறிப்பும் அதேதான். ஆனால் கிழங்கோடு நூற்புழுவும் கூன்வண்டும் வரும், முடிக்கொத்து வைரஸ் இருந்தால் அதுவும் கூடவே வரும். கன்றுகள் ஒரே வயதில் இராது, தார் ஒன்றாகத் தள்ளாது, லாரி லோடுக்கு ஒரே நாளில் வெட்ட முடியாது. நர்சரிக்குக் கொடுக்கிற காசு புது ஜீனுக்கு இல்லை, சுத்தமான பாட்டிலுக்கும் ஒரே வயதுக்கும்.

“அப்ப ஒரு தடவை மறுதாம்பு, அதே தூர்ல அடுத்த கன்னு, விட்டுப் பார்த்துட்டு மாத்திக்கிடுவோம்” என்றபடி மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.